தமிழ்ச் சிறுவர் நாவலை எந்தப் பிள்ளையாவது முழுசாக முடித்துப் பார்த்திருக்கிறீர்களா?

ஜூன் 8, 2025, இரவு 10.40

வாங்கிக் கொடுத்ததைக் கேட்கவில்லை. பிறந்தநாளுக்குக் கொடுத்துப் படம் எடுத்துப் போட்டதையும் கேட்கவில்லை. கடைசிப் பக்கம் வரை ஒரு பிள்ளை படித்து முடித்ததைக் கண்ணால் பார்த்ததுண்டா?

எனக்கு பைண்டிங் வேலை. வடசென்னையில் மிண்ட் பக்கம் பட்டறை, 22 வருஷம் ஆகிறது. வீடு கொருக்குப்பேட்டை. மொட்டைமாடியில் ஒரு தகர டிரங்குப் பெட்டி, அதில் 60 புத்தகம். சாயங்காலம் அக்கா மகளும் தெருப் பிள்ளைகளுமாக ஏழெட்டுப் பேர் வந்து எடுத்துப் போவார்கள். மூணாங்கிளாஸும் உண்டு, பத்தாவதில் கணக்கில் போய்விட்டு மறுபடி எழுதப் போகிறவனும் உண்டு.

போன வாரம் பிய்ந்துபோன 12 புத்தகங்களைத் தைக்க உட்கார்ந்தேன். எல்லாம் சிறுவர் நாவல். அதில் 9-க்கு ஓர அழுக்கு முப்பதாம் பக்கத்தோடு நின்றுவிட்டது. அதற்கப்புறம் கடையில் வாங்கின வெள்ளை அப்படியே இருக்கிறது.

என் கட்சி இதுதான்: எழுதுகிறவர்கள் பிள்ளையின் முகத்தைப் பார்த்து எழுதுவதில்லை, பிள்ளைக்குப் பின்னால் நிற்கிற டீச்சர் முகத்தைப் பார்த்து எழுதுகிறார்கள். முப்பதாம் பக்கம் வாக்கில் ஒரு தாத்தாவோ பேசும் மரமோ வந்து பிளாஸ்டிக் பை கூடாது என்கிறது. பிள்ளை மூடி வைத்துவிட்டு பால் ஐஸ் வாங்கப் போய்விடுகிறது.

ஜூன் 9

ஓர அழுக்கு என்றால் என்ன என்று கீழே கமெண்ட்டில் கேட்டதால் சொல்கிறேன். புத்தகத்தை மூடி, முதுகை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எதிர்ப்பக்க வெட்டு ஓரத்தைப் பாருங்கள். படித்த தாள்கள் கட்டைவிரல் பட்டுப் பட்டு மங்கியிருக்கும். படிக்காதவை பளிச்சென்று இருக்கும். நடுவில் கோடு கிழித்த மாதிரி தெரியும். பழைய அகராதியில் 'க' பக்கம் மட்டும் கறுத்திருக்குமே, அதே கதைதான். சாதாரணமாக நாங்கள் மறுபைண்டிங் செய்யும்போது முப்பக்கமும் கட்டிங் மிஷினில் ஒரு நூலளவு வெட்டி எடுத்துவிடுவோம், அழுக்கு அதோடு போய்விடும். 22 வருஷமாக எத்தனை பேர் படித்த தடத்தை வெட்டிக் குப்பையில் போட்டேனோ. இந்தப் பெட்டிப் புத்தகங்களை மட்டும் இப்போது வெட்டுவதில்லை. தையல் போட்டு, மைதா பசையில் கொஞ்சம் மயில்துத்தம் கலந்து முதுகில் காடாத்துணி ஒட்டுவதோடு சரி.

ஜூன் 11

"அழுக்கு என்பது படிப்புக்கு அடையாளம் இல்லை, இட்லிக்கு அடையாளம்" என்று எழுதியவருக்கு வணக்கம். ஒத்துக்கொள்கிறேன். எங்கள் மாடியில் அது வஞ்சிர வறுவலுக்கும் அடையாளம். ஆனால் வறுவல் தின்ற கை முப்பதாம் பக்கத்தோடு ஏன் நிற்கவேண்டும்?

ஜூன் 15, ஞாயிறு

நான் என்ன படித்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். 1978-இல் பிறந்தவன். மூர் மார்க்கெட் எரிந்தது 1985-இல், எனக்கு ஏழு வயசு. அப்பா வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றினார், கருகல் வாசனை. அவர் ஒரு மணிநேரம் யாரோடும் பேசவில்லை. அவருக்கு அங்கே ஒரு பழைய புத்தகக் கடைக்காரர் பழக்கம். அப்புறம் சென்ட்ரல் பக்கத்தில் கட்டிய காம்ப்ளெக்ஸுக்கு என்னைக் கூட்டிப்போவார். ஒரு ரூபாய்க்கு இரண்டு பூந்தளிர் சிறுவர் இதழ். அதில் காக்கை காளி, கபீஷ், சுப்பாண்டி. அம்புலிமாமா கிடைத்தால் வேதாளம் பக்கம் மட்டும் கிழியாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவோம்.

சிறுவர் கதை எழுதிய வாண்டுமாமாவை அப்போதுதான் படித்தேன். ஒன்று சொல்லவேண்டும், அவர் டீச்சரைப் பார்த்து எழுதினவர் இல்லை. கோட்டை, குகை, திருடன், அடுத்து என்ன, அடுத்து என்ன. நீதி இருந்தாலும் ஓடுகிற ஓட்டத்தில் சொல்லிவிட்டுப் போவார்.

பன்னிரண்டு வயசில் ஒருநாள் அதெல்லாம் சின்னப்பிள்ளைச் சமாசாரமாகப் பட்டது. அடுத்து என்ன படிப்பது? பள்ளிக்கூடத்தில் ஒரு பீரோ நிறைய புத்தகம் இருந்தது. சாவி யாரிடம் என்று ஆறு வருஷமும் தெரியவில்லை. தெருமுனை வாடகை நூலகத்தில் நாளைக்கு 25 காசு கொடுத்து மாத நாவல் எடுத்தேன். பிணம், கார் டிக்கி, இன்ஸ்பெக்டர். அதற்கு அடுத்த அலமாரியில் பொன்னியின் செல்வன் ஐந்து பாகம். ஆக, காக்கை காளியிலிருந்து ஒரே தாவலில் நந்தினி. நடுவில் படி இல்லை. பதிமூன்று, பதினாலு, பதினஞ்சு வயசில் எனக்குள் என்னென்னவோ நடந்தது, அதைப் பற்றி ஒரு புத்தகமும் வாயைத் திறக்கவில்லை.

ஜூன் 16

இரும்புக்கை மாயாவியை ஏன் விட்டாய் என்று மூன்று பேர். விடவில்லை. இங்கே பேச்சு நாவலைப் பற்றி, அது காமிக்ஸ். முத்து காமிக்ஸில் மாயாவி வந்தது 1972, நான் படித்தது பழைய பேப்பர் கடைப் பிரதி. மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், இரும்புக்கை மட்டும் தெரியும். ஒன்பது வயசில் தண்ணீர் மோட்டார் சுவிட்சில் ஈரக்கையை வைத்துப் பார்த்தேன். நான் மறையவில்லை. அம்மாவின் கை மட்டும் தெரிந்தது.

ஜூன் 22

இப்போது அந்த நடுப்படி விஷயம். 1967-இல் அமெரிக்காவில் ஒரு நாவல் வந்தது, தி அவுட்சைடர்ஸ். எழுதத் தொடங்கியபோது அதை எழுதின பெண்ணுக்கு 15 வயசு, புத்தகம் வெளிவந்தபோது 18. சூசன் என்ற பெயரைப் போட்டால் பொம்பளைப் பிள்ளை எழுதினது என்று விமர்சகர்கள் ஒதுக்குவார்கள் என்று எஸ்.இ. ஹின்டன் என்று முதலெழுத்தாகப் போட்டார்கள். 'இளையோர் நாவல்' என்று அங்கே தனி அலமாரி வந்ததற்கு இந்தப் புத்தகமும் ஒரு பெரிய காரணம்.

அந்த மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸில் எடைக்கு எடுத்த பழைய புத்தகக் கட்டுக்குள் கிடைத்தது. என் ஆங்கிலத்துக்கு மூன்று மாசம் ஆயிற்று. துல்சா என்ற ஊரில் ஏழைப் பசங்க ஒரு கோஷ்டி, காசுள்ள பசங்க ஒரு கோஷ்டி. அப்பா அம்மா விபத்தில் போய்விட, மூன்று அண்ணன் தம்பிகள் தனியாக இருக்கிறார்கள். மூத்தவன் படிப்பை விட்டு வேலைக்குப் போகிறான். கடைசித் தம்பியை எதிர்க்கோஷ்டி தண்ணீரில் முக்கிக் கொல்லப் பார்க்கும்போது அவன் சிநேகிதன் அந்தக் கோஷ்டியில் ஒருத்தனைக் கத்தியால் குத்திவிடுகிறான். இரண்டு பேரும் ஓடிப்போய் ஒரு பாழடைந்த சர்ச்சில் ஒளிகிறார்கள்.

இதை நாலு சாயங்காலம் மாடியில் சொன்னேன். கணக்கில் போனவன் வழக்கமாக ஓரமாக உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருப்பான். இரண்டாம் நாள் போன் பாக்கெட்டுக்குள் போனது. அடையாளம் தெரியாமல் இருக்க அந்தப் பசங்க முடியை வெட்டிக்கொள்கிற இடம் வந்தது. அவர்களுக்கு எண்ணெய் தடவி வாரிவிட்ட அந்த முடிதான் எல்லாமே.

"முடிய வெட்டிட்டாங்களா ணா?" என்றான். குத்து விழுந்தபோதுகூட அவன் அசையவில்லை.

அவன் கிராப்பைப் பார்த்து அவனைப் பள்ளியிலிருந்து எத்தனை தடவை திருப்பி அனுப்பியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். கடைசியில் கேட்டது: "அந்த பெரிய அண்ணன் இன்னா ஆனான்? அவன் திரும்ப படிக்கப் போனானா?" இவனுக்கும் ஒரு அண்ணன், ஹார்பர் பக்கம் கண்டெய்னர் யார்டில் நைட் ஷிஃப்ட்.

இப்படி ஒன்று நம் மொழியில் வேண்டும். ரவுடி, ஏரியாப் பையன் என்று வெளியாட்கள் கூப்பிடுகிறவனை அவன் வயசிலேயே நின்று சொல்கிற நாவல். சினிமாவில் வடசென்னைப் பையன் கையில் ஒன்று கத்தி, இல்லை கேரம் ஸ்ட்ரைக்கர், இல்லை குத்துச்சண்டை கிளவுஸ். அவன் படுத்துக்கொண்டு தம்பிக்குக் கதை படித்துக் காட்டுவதாக யாரும் எடுப்பதில்லை. ஹின்டன் கதையில் கொலைக்கேஸில் ஒளிந்திருக்கிற பசங்க ஒரு தடிப் புத்தகத்தைப் படித்துக்கொண்டுதான் பொழுதைக் கழிக்கிறார்கள்.

ஜூன் 24

மேலே எழுதினதில் ஒரு ஓட்டை. நான் *சொன்னேன்*, அவர்கள் படிக்கவில்லை. கதை சொன்னால் ரேஷன் கார்டைக்கூட சுவாரஸ்யமாகச் சொல்லலாம். அதனால் அது சாட்சி ஆகாது. எழுதினதை அழிக்க மனசில்லை, கிடக்கட்டும்.

ஜூன் 29

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் வருகின்றனவே, அவை நாவல் இல்லையா என்று ஒரு கேள்வி. நாவல் இல்லை, சின்னச் சின்னப் புத்தகங்கள். நுழை, நட, ஓடு, பற என்று நாலு படி. எங்கள் மாடியில் அவற்றுக்கு நல்ல மவுசு, சென்டர் பின் கழன்று வருகிற அளவுக்கு. மூணாங்கிளாஸ் வாண்டு 'நட'விலிருந்து 'ஓடு'வுக்கு வந்த அன்றைக்குத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது. என் கவலை 'பற' முடிந்தவனைப் பற்றி. பறந்து எங்கே உட்காருவான்?

ஜூலை 6

இதை எழுதலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன்.

யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' எங்கள் பெட்டியில் உண்டு. சிறுவர் இலக்கியத்துக்கு சாகித்ய அகாதமி தருகிற பால சாகித்ய புரஸ்காரை 2020-இல் வாங்கினது. நந்தனம் புத்தகக் கண்காட்சியில் வாங்கினேன். பேசுகிற மரப்பாச்சி, தப்பான தொடுதலைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்கிற கதை. வாங்கின அன்றே படித்துவிட்டு அக்காவிடம் "பாடப்புத்தகத்துக்குக் கதைச்சட்டை மாட்டியிருக்காங்க" என்று சொன்னவன் நான். முதல் நாள் எழுதினேனே, பேசும் மரம் என்று, அதில் பாதி குத்தல் இதற்கும்தான்.

மே மாதம் ஒரு பெண் பிள்ளை அதை எடுத்துப்போனாள். மூன்று நாளில் திருப்பித் தருவது எங்கள் கணக்கு. கேட்டேன், "இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டும்" என்றாள். மறுபடி கேட்டேன், அதே பதில். 19 நாள். திரும்பி வந்தபோது அட்டை தெரியாதபடி பிரவுன் பேப்பர் போட்டு, மேலே 'சமூக அறிவியல்' என்று லேபிள் ஒட்டியிருந்தது. ஓரத்தைப் பார்த்தேன். முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை ஒரே மங்கல்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. அக்காவிடம் சொன்னேன், அக்கா போய் அவள் அம்மாவோடு உட்கார்ந்து பேசினாள். மற்றது இங்கே எழுதுகிற விஷயம் இல்லை.

அந்த லேபிளை நான் உரிக்கவில்லை.

ஜூலை 7

"அப்படியானால் நீதி சொல்லலாமா, கூடாதா? ஒரு பக்கம் நில்லு" என்கிறார் ஒருத்தர். நிற்க முடியவில்லை அய்யா. குப்பையைத் தொட்டியில் போடு என்பதை அந்தப் பிள்ளை காலை பிரேயரில் கேட்கிறது, பஸ்ஸில் கேட்கிறது, மாநகராட்சி வண்டியில் பாட்டாகவே கேட்கிறது. நாவலிலும் வந்தால் மூடத்தான் செய்யும். வீட்டில் ஒருத்தரும் சொல்லாத ஒன்று அச்சில் இருந்தால் மொட்டையாக இருந்தாலும் பிடித்துக்கொள்கிறது. அந்தப் புத்தகத்தின் நடை பற்றி என் கருத்து மாறவில்லை, இன்னும் மொட்டை என்றுதான் சொல்வேன். ஆனால் என் கருத்தை அவள் கேட்கவில்லையே.

ஜூலை 13

இன்னொரு குறை, இது பழைய புத்தகங்களுக்கும் புதியவற்றுக்கும் பொது. பெட்டியில் இருப்பதில் 14 நாவல் "கோடை விடுமுறைக்குக் கிராமத்துக்குப் போனான்" என்கிற வகையில் ஆரம்பிக்கிறது. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். கிராமத்தில் கிணறு, மாந்தோப்பு, பாட்டி. அக்கா மகள் ஒருநாள் கேட்டாள், "மாமா, நம்ம ஊரு எது?" இதுதான் என்றேன். "இல்ல, லீவுக்குப் போற ஊரு." எங்களுக்கு நாலு தலைமுறையாக இதுதான் ஊர். லீவுக்குப் போகிற ஊர் என்றால் பெரியம்மா வீடு, திருவொற்றியூர். இப்போது மெட்ரோவில் ஏறினால் கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்துவிடுகிறது.

உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' கீழடியை வைத்து எழுதினது, 2023-இல் அதே பால சாகித்ய புரஸ்கார் வாங்கினது. அது இங்கே ஓடுகிறது, ஓர அழுக்கு முக்கால் வரை வந்திருக்கிறது. மண்ணுக்கடியில் இருந்து வருகிற சாமான் என்றால் பிள்ளைகளுக்குக் கொள்ளை ஆசை. ஒருத்தன் மாடித் தொட்டியைத் தோண்டி என் அக்காவின் கருவேப்பிலைக் கன்றைச் சாகடித்தான்.

எனக்கும் பொறாமைதான். கீழடிக்கு ஒருத்தர் வந்தார், கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு யார் வருவார்? கேட்டு மூடினால் சரக்கு ரயில் போகிறவரை இரண்டு பக்கமும் பிள்ளைகள் யூனிபாரமோடு நிற்பார்கள். முதல் பீரியடு அங்கேயே போய்விடும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்ப் பக்கம் தண்ணீரோடு எண்ணெயும் வீட்டுக்குள் வந்தது. வடிந்த பிறகு சுவரில் இடுப்பளவுக்குக் கறுப்புக் கோடு. ஒரு பிள்ளை அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்று தன் உயரத்தைக் குறித்துக்கொண்டதைப் பார்த்தேன். அந்தப் பிள்ளை வருகிற நாவல் எதுவும் இதுவரை என் கைக்கு வரவில்லை.

2025-ஆம் வருஷத்துக்கு அதே விருது பெற்ற விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா' இன்னும் படிக்கவில்லை. படிக்காமல் பேசமாட்டேன்.

ஜூலை 14

"நீயே எழுதேன்." நன்றி. 2019-இல் எழுதினேன். 11 பக்கம். கடற்கரைப் பையன், தொலைந்துபோன வலை, எல்லாம் ஜோராகப் போனது. நாலாம் பக்கத்தில் என் கதாநாயகன் சிகரெட் பிடிக்கிற மாமாவுக்கு உபதேசம் பண்ண ஆரம்பித்துவிட்டான். நான் பண்ணச் சொல்லவில்லை, அவனாகவே பண்ணினான். அந்த 11 பக்கமும் பட்டறையில் பசை தடவும்போது அடித்தாளாகப் போட்டாயிற்று.

ஜூலை 27

என் ஊர்வாதத்துக்கு நானே ஆப்பு வைத்துக்கொண்ட கதை. சிங்கிஸ் ஐத்மாத்தவின் 'முதல் ஆசிரியர்'. கிர்கீசியாவில் மலையடிவாரக் கிராமம். அவ்வளவாகப் படிக்காத துய்ஷேன் என்ற ஆள் லாயத்தைப் பள்ளிக்கூடம் ஆக்குகிறார். அல்தினாய் என்ற அநாதைப் பெண்ணைச் சித்தி ஒரு ஆளுக்குக் கட்டிவைத்துத் தள்ளிவிடப் பார்க்கிறாள். அவளுக்குப் பதினஞ்சு வயசு வாக்கில். 1962-இல் எழுதினது. சிறுவர் நாவல் என்று அட்டையில் இருக்காது.

இந்தத் தடவை கதை சொல்லவில்லை, எழுதியிருப்பதை அப்படியே வாசித்தேன். ஆடி ஞாயிறு, தெருக்கோடி அம்மன் கோயில் ஸ்பீக்கர் பாட்டு நிற்கிற இடைவெளியில் அரைப்பக்கம், அரைப்பக்கமாக. துய்ஷேன் குளிர்ந்த ஓடையில் இறங்கி ஒவ்வொரு பிள்ளையாக முதுகில் சுமந்து அக்கரை சேர்க்கிற இடம். குதிரையில் போகிற பணக்காரர்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

மூணாங்கிளாஸ் வாண்டு எழுந்து நின்று சொன்னது: "மழையில எங்கப்பா என்னை அப்டிதான் தூக்கினு போனாரு, காட்டன் கால்வாய்ல." அவ்வளவுதான், ஆளுக்கு ஒரு மழைக்கதை. புத்தகம் என் மடியில் கிடந்தது, நான் வாசிக்கவே தேவையில்லாமல் போயிற்று. பனியும் பாப்ளார் மரமும் இவர்கள் கண்ணால் பார்த்ததில்லை. கொருக்குப்பேட்டை கேட்டு வரவேண்டும் என்று நான் மேலே அவ்வளவு நீட்டி எழுதியிருக்க வேண்டாமோ?

வேண்டும்தான். இரண்டும் வேண்டும். போங்கள்.

ஆகஸ்ட் 10

முதல் நாள் 12 புத்தகத்தில் 9 என்றேன். மீதி மூன்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஒன்று மரப்பாச்சி. இன்னொன்று 'ஹாரி பாட்டரும் ரசவாதக் கல்லும்', அதற்கு அழுக்கு மட்டும் இல்லை, அட்டையே கழன்றுவிட்டது.

மூன்றாவது ஒரு பழைய நாவல். அட்டை கிடையாது, முதல் எட்டுப் பக்கம் கிடையாது, எழுதினவர் யார், என்ன வருஷம், ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு அத்தியாய முடிவிலும் ஒரு தாத்தா பேரப்பிள்ளைகளை உட்காரவைத்து நீதி சொல்கிறார். சிறுவர் நாவல் எப்படி இருக்கக் கூடாது என்று காட்ட இதைத்தான் நான் எடுத்துப் பிடிப்பேன். இதன் ஓரம் கடைசி வரை மங்கியிருக்கிறது என்பதை ஜூன் மாதமே பார்த்தேன். என் கட்சிக்கு ஒத்துவரவில்லை என்று சொல்லாமல் விட்டேன். இப்போது சொல்கிறேன்.

நேற்று விரித்து வைத்து ஒவ்வொரு தாளாகப் பார்த்தேன். கீழ்மூலையில் கட்டைவிரல் கறை வரிசையாக வருகிறது. தாத்தா வாயைத் திறக்கிற பக்கங்களில் மட்டும் கறை இல்லை. இரண்டு தாளைச் சேர்த்துப் பிடித்துத் திருப்பியிருக்கிறார்கள். ஒவ்வொரு அத்தியாயத்திலும் அப்படியே.

கணக்கில் போனவனிடம் காட்டினேன் (மறுதேர்வில் தேறிவிட்டான், பர்மா நூடுல்ஸ் அத்தோ வாங்கிக் கொடுத்தேன்). சிரித்தான். "தாத்தா வந்தா தாண்டிக்குவோம் ணா. அந்த போட்டு கவுறுற எடம் செம்மயா இருக்கும்." அக்கா மகளுக்கும் தெரியுமாம். வாண்டுக்கும் தெரியுமாம். எடுத்துப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி அனுப்புவார்களாம், எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் வரை தாத்தா என்று. எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. நான் தாத்தா பக்கம் என்று நினைத்துவிட்டார்கள்போல.

ஆகஸ்ட் 17

அந்த நாவலைத் தைத்து முடித்தேன். ஓரம் வெட்டவில்லை. பிள்ளைகள் இப்போது பிடித்துக்கொண்ட ஒரே கேள்வி, முதல் எட்டுப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பது. ஒன்பதாம் பக்கம் பாதி வாக்கியத்தில் தொடங்குகிறது: "...என்று கத்திக்கொண்டே இரண்டு பேரும் கட்டுமரத்தை நோக்கி ஓடினார்கள்." யார் இரண்டு பேர், எதைக் கத்தினார்கள், மாடியில் தினமும் சண்டை. டெமி அளவு, சுமார் 130 பக்கம், உள்ளே கோட்டோவியம், 41-ஆம் பக்கத்தில் கலங்கரை விளக்கப் படம். யாரிடமாவது முழுப் பிரதி இருந்தால் அந்த எட்டுப் பக்கம், அச்சுக்கணக்கில் அரைப் பாரம், ஜெராக்ஸ் போதும், சேர்த்துத் தைத்துக்கொள்கிறேன். அதில் தாத்தா இருந்தாலும் பரவாயில்லை.